பிரஷர் நார்மலாக இருந்த நாள்

தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயிலைச் சுற்றிச் சீமைக்கருவேலம்தான். பந்தலுக்கு இடம் வேண்டுமென்று காலையில் நானே அரிவாளை எடுத்தேன். ஜவுளிக்கடையில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவனுக்கு இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வெட்டு என் கெண்டைக்காலில் விழுந்தது.

மச்சான் துண்டை இறுக்கிக் கட்டினார். அது நனைந்ததும் மேலே இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது. நல்ல நேரமும் முடியப் போகிறது. பெரியப்பா எங்கே போனாலும் பிரஷர் மெஷினோடுதான் போவார். அதை என் கையில் சுற்றினார்.

"பிரஷர் நார்மலா இருக்கு. ஒண்ணும் செய்யாது, உக்காருப்பா."

அதே மெஷினில் கீழே நாடித்துடிப்பு எகிறிப் போயிருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்தால் ரத்தம் நிற்காது என்று தர மறுத்துவிட்டார்கள். வேட்டி மாற்றி, மாலை போட்டு, மருமகனை மடியில் வைத்தார்கள். அது எதற்குப் போட்ட மாலையாக முடியும் என்று நான் யோசிக்கவில்லை.

ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே பிள்ளை வீறிட்டான். தங்கச்சி குனிந்து என் கையைத் தொட்டாள். உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அண்ணனுக்குக் கை ஐஸா இருக்கு. காது எப்ப வேணா குத்திக்கிறலாம். வண்டிய எடுங்க."

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே பெரியப்பா, பிரஷர் நார்மல் என்று அறிவித்தார். டாக்டர் தையல் போட்டு, ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டு, அப்புறம் பொறுமையாக விளக்கினார். ரத்தம் குறைந்ததும் உடம்பு சில ஹார்மோன்களை அவிழ்த்துவிடுமாம். அட்ரினலின் இதயத்தை விரட்டும், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கை ஜில்லிட்டது அதனால்தான். சிறுநீரகம் கிளப்பிவிடும் ஹார்மோன் குழாய்களை இன்னும் இறுக்கும், தாகத்தையும் கூட்டும். அதன் தூண்டுதலில் வரும் இன்னொன்று உப்பை வெளியே விடாது. மூளையிலிருந்து வருவது தண்ணீரைச் சிறுநீராக வெளியே விடாது.

"இத்தனையும் சேந்து முட்டுக் குடுத்ததுலதான் ஒங்க மெஷின்ல நார்மல். இன்னுங் கொஞ்சம் ரத்தம் போயிருந்தா சரசரன்னு எறங்கியிருக்கும்."

பெரியப்பா மெஷினைப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒன்றுக்கு வந்ததா என்று. வந்தால்தான் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதுமான அளவு போகிறது என்று அர்த்தமாம். மதியம் வரை வரவில்லை. தங்கச்சி பிள்ளையை மச்சானிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வராந்தாவிலேயே நின்றாள். சாயந்திரம் வந்தது. நர்ஸ் வெளியே போய்ச் சொன்னதும் அவள் சுவரில் சாய்ந்து கேவிக் கேவி அழுதது கட்டில்வரை கேட்டது. ஒன்றுக்குப் போனதற்கு யாரும் எனக்காக இப்படி அழுததில்லை. செத்துப் போயிருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நானும் அழுதேன்.