வார ஓய்வும் ஹேவ்லாக் கப்பலும்

வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி நாடு பிடித்து வைத்திருந்த காலத்தில் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கைகளில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். காலனிகளுக்கும் இவற்றை நீட்டிக்கலாம், ஆனால் உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று. போர்ட் பிளேரில் தொழிலாளர் நலன் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளூர் நிலைமையாம். உழைக்கிறவனுக்கு ஊருக்கு ஊர் உடம்பு வேறா என்ன?

எங்கள் அதிகாரியும் என் கட்சிதான். மெயின்லேண்டிலிருந்து வந்த வடநாட்டுக்காரர், நல்ல மனிதர். சென்னையிலும் டெல்லியிலும் உள்ள வார ஓய்வு இந்தத் தீவுகளிலும் அப்படியே, ஏழாம் நாள் தவறாமல் கிடைக்க வேண்டும் என்று ரிசார்ட்டுகளுக்கு உத்தரவு போட்டார். அதைத் தமிழாக்கி ஹேவ்லாக் தீவில் தொழிலாளர்கள் முன் வாசித்தவள் நான்தான். குரலில் மிடுக்குக்குக் குறைச்சலே இல்லை.

என் கணவர் அங்கே ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர். அதுவரை வார ஓய்வையெல்லாம் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் கப்பலேறி, போர்ட் பிளேரில் டெலானிபூரில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். வந்தால் மகள் அவர் தோளைவிட்டு இறங்க மாட்டாள். எனக்கும் அடுப்படியிலிருந்து விடுதலை. உத்தரவுக்குப் பிறகு சேர்த்து வைப்பது நின்றுபோனது. ஒரே நாள் லீவில் கப்பலேறி வந்தால் இறங்கிய கையோடு திரும்ப வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் வேலைக்கே ஆபத்து. அதனால் வருவதே இல்லை. மகள் கைபேசியில் தெரியும் அப்பாவுக்குச் சோறு ஊட்டுவாள். திரையில் ஒட்டிய பருக்கையை நான் துடைத்து வைப்பேன். ஆனாலும் அதிகாரியிடம் வாய் திறக்கவில்லை. சொந்தப் புருஷனுக்குச் சலுகை கேட்டாள் என்று பேச்சு வரக் கூடாதே. நம் திமிர் நமக்கு.

சில மாதம் கழித்து, உத்தரவு எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரியோடு மறுபடி ஹேவ்லாக் போனேன். என் கணவர் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மேனேஜர் பக்கத்திலேயே நின்றதாலோ என்னவோ, எல்லோரும் திருப்தி என்றார்கள். பின்வரிசையிலிருந்து என் கணவர் எழுந்தார். ஆள் இளைத்திருந்தார். யாரோ அதிகாரியம்மாவிடம் பேசுவதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம், படுத்துத் தூங்குறதுக்கு லீவு கெடைக்குது. வீட்டுக்குப் போறதுக்குத்தான் இல்ல. முன்ன மாதிரி லீவையெல்லாம் சேத்து எடுத்துக்க விடுங்க."

அதை இந்தியில் அதிகாரிக்குச் சொல்வது என் வேலை. பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். அதிகாரி நெற்றியைத் தடவியபடி, இவருடைய வீடு எங்கே என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. "டெலானிபூர், சார்," என்றேன். "எங்க வீடுதான்."

அதிகாரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உத்தரவைத் திருத்துகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, போர்ட் பிளேர் கப்பலுக்கு என் கணவருக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னார்.