தம்பிக்கு வராத காய்ச்சல்

போன மாதம் என் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சேலத்து டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். குடும்பத்தில் சின்ன வயதிலேயே இறந்த குழந்தை யாராவது உண்டா? தம்பி ஒருவன், ஆறு வயதில், என்றேன். அவனுக்குக் காய்ச்சல் இருந்ததா என்றார். இருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வருகிறோம். அது உண்மையல்ல என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அப்போது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. காய்ச்சல்காரர் யாரும் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கோழிகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதல்லவா. அதனால் தினமும் காலையில் வீட்டிலுள்ள எல்லோருடைய நெற்றியையும் தொட்டுப் பார்ப்பது வழக்கமானது. அந்த வேலை பத்து வயதான எனக்கு வந்து சேர்ந்தது. தீவன மூட்டை தூக்கித் தூக்கி அம்மாவின் உள்ளங்கை தடித்துப் போயிருந்தது. "என்ற கைக்குச் சூடு தெரியாது, நீ பாரு சாமி" என்பாள். நான் பெருமையோடு பார்த்தேன்.

தம்பியின் நெற்றி ஒருநாளும் சுட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தடுப்பூசி போட்ட வாரம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனக, இவன் ஒருவன் மட்டும் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு திரிந்தான். அம்மாவின் அண்ணனான மாமா அதை ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார். "ஊசி போட்டாக் கோழியே ரெண்டு நாளைக்குச் சொணங்கும். என்ற மாப்ளை ஒடம்பு இரும்புங்க" என்பார். தம்பி நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவான்.

அந்த ஆவணியில் கூண்டுக் கம்பி அவன் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. சின்னக் காயம். சிவக்கவில்லை, வீங்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கால் வலிக்கிறது என்று நொண்டினான். அடுத்த நாள் தலையும் வலிக்கிறது என்றான். பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலிலிருந்தே கேட்டாள்.

"சுடுதா பாரு."

"இல்லீங்கம்மா, சில்லுனுதான் இருக்குது."

"அப்பப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடறான். கூட்டிட்டுப் போ."

வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே வந்தான். "நொண்டிக் குதிரை, நடடா" என்று கேலி செய்தபடி கையைப் பிடித்து இழுத்துப் போனேன். மறுநாளும் நெற்றி சுடவில்லை, மறுநாளும் இழுத்துப் போனேன். அதற்கு அடுத்த நாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்து விறைத்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்து எங்கேயோ பார்த்தான். முட்டை ஏற்ற வந்த வேனிலேயே அவனைப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"காய்ச்சலே இல்லீங்க" என்றேன்.

"சீழ் மூளை வரைக்கும் ஏறியிருக்கு. காய்ச்சல் இல்லாம இருக்குமா? சின்னப் புள்ளை கையை நம்பியா இருந்தீங்க?" அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தம்பி இறந்துபோனான்.

இப்போது என் மகளைப் பார்த்த டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து எனக்கு விளக்கினார். நம் உடம்பின் காவல் செல்களில் கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் பிறவியிலேயே உண்டாம். நோய் வந்தோ தடுப்பூசி போட்டோ கற்றுக்கொள்கிறவை அல்ல. பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடம்பில் எங்குமே இல்லாத பொருட்கள் இருக்கின்றன. அவை வந்து ஒட்டியதும் ஏற்பி செல்லுக்குள் செய்தி அனுப்பும். அதற்குப் பிறகுதான் காய்ச்சல், வீக்கம், சிவப்பு எல்லாம். என் மகளுக்கு ஏற்பிகள் சரியாகவே இருக்கின்றன. செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஒரு புரதம்தான் உருவாகவில்லை. கிருமி வந்தது வாசலில் தெரிகிறது, உடம்புக்குத் தெரிவதில்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் இப்படி ஆகுமாம். என் அப்பாவும் அம்மாவும் சொந்தம். நான் கட்டியிருப்பது மாமாவின் மகனை.

என் மகளுக்கு ஏழு வயது. தினமும் மாத்திரை கொடுக்கிறேன். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் ஆபத்து குறையும் என்கிறார்கள். அதுவரை அவள் ஒரு நாள் சோர்ந்து உட்கார்ந்தாலும் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுகிறேன். போன வருடம்வரை மாமா, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "இவளுக்கும் காய்ச்சலே வராதுங்க" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

தம்பி போன பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் ஒரே கேள்வி கேட்டாள். "நெசமாலுமே சுடலியா சாமி?" இல்லை என்று நானும் தினமும் சொன்னேன். அந்த இல்லைக்குப் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் சொன்னதை நினைத்து நினைத்து எனக்கும் என் கைமீது சந்தேகம் வந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து அவள் மறுபடி கேட்டபோது சொல்லிவிட்டேன்.

"சுட்டுச்சுங்கம்மா. நேரமாச்சுன்னு சொல்லாம உட்டுட்டேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா வெகுநேரம் அழுதாள், பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றாள்.

அவள் சாப்பிட்டதைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தம்பியின் நோயைப் பற்றி எங்களிடம் இருந்த ஒரே தடயத்தை அன்றைக்கு என் வாயாலேயே அழித்துவிட்டேன் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.