முதல் இரண்டு வரி

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் உயர்நிலை நான்காம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அட்டைப் பெட்டிமேல் ஒட்டும் முகவரிகள்தான். பேசத் தெரிந்தவனாக இருந்தால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடையில் பொருள் கட்டுகிறேன். முன்பக்கம் வாடிக்கையாளர்கள், பின்பக்கம் நானும் அலமாரிகளும். போன வருடம் முதலாளி, இணையத்தில் வரும் ஆர்டர்களுக்காக ஒரு புதிய செயலியைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சிறு குழு அதைச் செய்திருந்தது. செயலி வெளியாகும் முன்பே பயன்படுத்திக் குறை சொல்கிறவர்களுக்கு பீட்டா டெஸ்டர் என்று பெயராம். "நீங்கதான் பின்னால சும்மா இருக்கீங்க" என்று சொல்லி முதலாளி என்னைச் சேர்த்துவிட்டார். நான் சும்மா இருக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லவுமில்லை.

செயலியின் மூலையில் ஒரு மைக் படம் இருந்தது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் வைத்தது. கட்டுகிறவன் கையில் எப்போதும் மாவோ மிளகாய்த்தூளோ இருக்கும், தட்டச்சு செய்ய முடியாது என்று யோசித்திருக்கிறாள். கடைக்கு வந்து எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

"ஏதாவது சரியில்லன்னா இத அமுக்கிப் பேசுங்க அங்கிள். எங்ககிட்ட வந்துடும்."

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் பேசுவேன். எடுத்த எடுப்பில் குறை சொல்வது மரியாதையாகப் படவில்லை. "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? சாப்பாடு ஆச்சா? இன்னைக்கு தேக்கா பக்கம் நல்ல மழை" என்று தொடங்குவேன். அதன் பிறகுதான் பட்டியலில் உளுந்து இரண்டு முறை வருவதையோ, பெரிய ஆர்டர் என்றால் செயலி உறைந்து நிற்பதையோ சொல்வேன். முடிக்கும்போது "சரிம்மா, வச்சிடறேன்" என்பேன். "நன்றி, உங்கள் கருத்து கிடைத்தது" என்று ஒரு வரி வரும். சில நாட்களில் நான் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

கேலாங் பக்கம் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குறை நினைவுக்கு வந்தது. மைக்கை அமுக்கிச் சொன்னேன். பேச்சு நின்றால் பதிவும் தானாக நின்றுவிடும் என்று நினைத்து, போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பதறிப்போய் நிறுத்தினேன். நிறுத்தியதும் அது தானாகவே அனுப்பிவிட்டது. நாற்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது.

வீட்டில் நான் பேசுவேன். தனியாக இருக்கிற எல்லோரும் அப்படியா என்று தெரியாது. "என்ன, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்பேன். "பஸ் கிடைக்கல" என்று நானே பதில் சொல்வேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டால் "பரவால்ல, சாப்பிடலாம்" என்பேன். கேள்வி கேட்கிறவரின் குரலைக் கொஞ்சம் மெல்லியதாக வைத்துக்கொள்வேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அது முழுவதும் அந்தப் பெண்ணிடம் போய்விட்டது. திரும்ப எடுக்கச் செயலியில் வழியில்லை. எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாரமே குழுவிடமிருந்து தகவல் வந்தது. குறை சொல்லும் அந்த மைக்கையே மாற்றி அமைக்கப் போகிறார்களாம், சோதிக்கிறவர்கள் வந்து யோசனை சொல்ல வேண்டுமாம். இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் போகிறவனில்லை. அவள் கேட்பதற்குள் அழிக்கச் சொல்லவேண்டும் என்பதற்காக மட்டும் போனேன்.

மாடியில் எனக்கு முன்பே பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் டெஸ்டர். அந்தப் பெண் எங்களுக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, போன் அளவில் வெட்டிய வெள்ளைத் தாள்களை மேசையில் பரப்பினாள். மைக் எங்கே இருக்கவேண்டும், எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்று நாங்கள் வரைந்து காட்ட வேண்டும்.

"பெருசா வைம்மா" என்றார் பாய். "இது விரலு, வெண்டைக்கா இல்ல."

அவர் தாள் பாதி அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். பிறகு என் தாளை எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, பரீட்சையில முட்டை வாங்கின மாதிரி வெறும் தாள வச்சிருக்கீங்க?"

"அனுப்பினத அழிக்க ஒரு பட்டன் இருந்தா நல்லாருக்கும்" என்றேன்.

"எதுக்கு அங்கிள்?" என்றாள் அவள்.

"ஒண்ணு, நிறுத்தாம ஓடிடுச்சு."

அவள் கணினியில் தேடினாள். "ஓ, இந்த நீளமானதா?"

"கேட்டீங்களாம்மா?"

"யாரும் கேக்கறதில்ல அங்கிள். பேசினத சிஸ்டமே எழுத்தாக்கிடும். நாங்க முதல் ரெண்டு வரி மட்டும்தான் பார்ப்போம். அதுல பிரச்சினை எதுவும் இல்லன்னா சிஸ்டமே 'வாழ்த்து'ன்னு தனியா ஒதுக்கிடும்." திரையை என் பக்கம் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் அவளே பார்த்தாள் என்று நினைக்கிறேன். "அங்கிள், உங்களோடது எல்லாமே அங்கதான் இருக்கு."

வரிசையாக இருந்தது. வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா. வணக்கம்மா, சாப்பாடு ஆச்சா. அதற்குக் கீழே எதையும் யாரும் திறந்திருக்கவில்லை.

பாய் சிரித்துவிட்டார். "அண்ணன் எல்லாருக்கும் சலாம் சொல்லிட்டே இருந்திருக்காரு லா. நான் எடுத்ததும் திட்டுதான். என்னோடது அன்னைக்கே சரியாயிடும்."

நானும் சிரித்தேன். அவள் கேட்டிருப்பாளோ என்று சரியாகத் தூங்காமல் இருந்தவன். கேட்கவில்லை என்றதும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாள் யாரிடம் பேசினேன் என்றுதான் தோன்றியது.

"சாரி அங்கிள்" என்றாள் அவள். அவள் முகம் வாடியிருந்தது. "இந்த நீளமானத என்ன செய்யட்டும்? அழிச்சிடவா, இல்ல இப்ப கேக்கட்டுமா? உள்ள ஏதாவது முக்கியமா சொல்லியிருப்பீங்களே."

அழிக்கச் சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனாலும் கேளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடுங்கம்மா" என்றேன். "முக்கியமா ஒண்ணுமில்ல."

அழித்தாள். பிறகு மற்ற குறைகளை நேரிலேயே சொல்லச் சொன்னாள். வணக்கம் எதுவும் வைக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் தட்டச்சு செய்துகொண்டாள். இத்தனை மாதப் பேச்சு கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் செயலியின் புதிய பதிப்பு வந்தது. மைக் படத்துக்கு மேல் "நேராகப் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அன்று எல்லாம் சரியாக வேலை செய்தது. நான் எதுவும் அனுப்பவில்லை.