பூகம்பத்துக்குக் கிடைத்த வேலை

எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொன்ன நாற்காலியில் அவள் உடனே உட்கார்ந்ததில்லை. முதலில் அதன் முதுகைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பாள். அப்புறம் கைப்பிடியை. மனசு ஒப்பினால்தான் உட்காருவாள். பேருந்துக் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் எதையும் விட்டுவைத்ததில்லை. மருத்துவமனையில் பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது கட்டிலை ஆட்டினாள். பெரியப்பா அப்போது அதில்தான் படுத்திருந்தார்.

"நான் இன்னும் போகல கண்ணு. அதுக்குள்ள எதுக்கு உலுக்கற?" என்றார்.

அன்றிலிருந்து குடும்பத்தில் அவளுக்குப் பூகம்பம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

இப்படிப்பட்டவள் பள்ளி ரோபோ குழுவில் சேர்ந்தது திறமையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும் என்று போட்டி விதியில் போட்டிருந்தது. ஒருத்தி தாளாளரின் தங்கை மகள். அவளுக்குக் கொடி பிடிக்கிற வேலை. இன்னொருத்திக்காக அறிவியல் சார் பத்தாம் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். வாயே திறக்காத பெண் ஒருத்தி கடைசி வரிசையில் இருந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பூகம்பத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை.

கேப்டன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. தாளாளருக்கு ஒரே மகன்.

செவ்வாய் கிரகத்தில் கல் பொறுக்குகிற ரோபோவை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். செவ்வாய் கிரகம் ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. ப்ளைவுட் பலகைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, நாலைந்து பள்ளம் வைத்திருந்தார்கள். ஒரு பள்ளத்தில் யாரோ மென்று துப்பிய சூயிங்கம் ஒட்டியிருந்தது. ரோபோவுக்கு நாலு சக்கரம், ஒரு கை, நெற்றியில் பள்ளியின் சின்னம். சின்னத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். கையைப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியிருந்தார்கள். கையில் ஸ்க்ரூ தெரிந்தால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று சார் சொல்லிவிட்டார். சாருக்கு விண்வெளியைவிடப் போட்டோமேல் பிரியம் அதிகம்.

பூகம்பத்துக்கு இதில் ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டியிருந்தது. பத்தாவது முடிந்ததும் அக்காவின் பியூட்டி பார்லரில் அவளை நிறுத்திவிடுவதென்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். ஆனால் ரோபோ குழுவில் இருப்பவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இலவசமாக இடம் தருவதாகத் தாளாளர் அறிவித்திருந்தார். "சும்மா கிடைச்சா படிச்சுக்கோ" என்று அம்மாவும் இறங்கி வந்திருந்தாள். ஆக, பெட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. கைதான் சொன்ன பேச்சு கேட்காது.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முன் தாளாளர் ரோபோவைப் பார்வையிட வந்தார். சார் எல்லாரையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார். எல்லாரும் பார்த்தார்கள். பூகம்பம் மட்டும் பக்கத்தில் இருந்த ரோபோவின் கையைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். ஒரு ஆட்டு.

ரோபோவின் கை அவள் கையோடு வந்துவிட்டது.

"ஏய், என்ன பண்ணின?" என்று கேப்டன் பாய்ந்தான்.

"ஆட்டிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"ஆடுதான்னு."

தாளாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யாரு சார் இந்தப் பொண்ணு?"

"நம்ம டீம் இல்ல சார்" என்றார் அறிவியல் சார், கண் இமைக்காமல். "சும்மா பெட்டி பிடிக்க வந்தது."

அந்த ஒரு வரியில் பதினொன்றாம் வகுப்பு போயிற்று. அவள் இடத்துக்கு வேறொரு வாய் திறக்காத பெண்ணைப் பிடித்தார்கள். கையை மறுபடியும் ஒட்டினார்கள், பசையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் போச்சு" என்றாள் அம்மா. "பரீட்சை முடிஞ்சதும் அக்கா கடைக்குக் கிளம்பு. அங்க நீ ஆட்டிக் கெடுக்க ஒண்ணும் இல்ல."

போட்டி நாளில் மொத்த வகுப்பையும் பேருந்தில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். கைதட்டுவதற்கு ஆள் வேண்டுமே. பூகம்பமும் போனாள். டீமிலிருந்து நீக்கப்பட்டவர்கள் கைதட்டக் கூடாது என்று விதியில் இல்லை.

நடுவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ரோபோவின் பெயரென்ன, லட்சியமென்ன என்று கேட்டார்கள். மூன்றாவது ஒரு நரைத்த தலை அம்மாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு ரோபோவையும் இரண்டு கையாலும் தூக்கி, மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல் குலுக்கினார். ஒன்றுக்குச் சக்கரம் கழன்று மேசைக்கு அடியில் ஓடியது. ஒன்றுக்குக் கண் விழுந்தது. அதைச் செய்த பையன் ஓவென்று அழுதான். அடுத்தது இவர்கள் ரோபோ. கை பொத்தென்று விழுந்தது. நெற்றியில் இருந்த பள்ளிச் சின்னம் மட்டும் அசையவில்லை.

"மேடம், எங்க டீம்ல முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. அவதான் ஆட்டி ஆட்டி லூசாக்கிட்டா!" என்றான் கேப்டன். அப்போதாவது அவள் டீமில் இருந்தவள் என்று ஒப்புக்கொண்டானே.

வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் டீ இடைவேளையில் அவள் கால் தானாக நடந்து அந்த அம்மாள் பக்கத்தில் போய் நின்றது.

"மேடம்... நீங்க எதுக்கு ஆட்டினீங்க?"

"ராக்கெட் கிளம்பறப்ப உள்ள இருக்கறதெல்லாம் இதைவிட மோசமா ஆடும்மா. மேல போய்க் கழண்டா யாரு போய் மாட்டறது? அதான் கீழயே ஆட்டிப் பாத்துடறது. எங்க ராக்கெட் ஆபீஸ்லயும் எனக்கு அதான் வேலை."

"ஆட்டறதா?"

"ஆட்டறதேதான்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"யாரும் திட்ட மாட்டாங்களா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "திட்டாம? செஞ்சவன் பக்கத்துலயே நின்னு திட்டுவான். கேட்டுக்கிட்டே ஆட்டணும். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்ச பிள்ளைங்க நிறையப் பேர் எங்க சோதனை ஹால்ல இருக்காங்க, போய்ப் படி."

வீட்டுக்கு வந்ததும் பூகம்பம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கேட்காமலே பேசினாள். "அம்மா, ஆட்டறதுக்கு ஆபீஸ் இருக்காம்."

"இருக்கும். கொட்டாவி விடறதுக்குக்கூட இருக்கும். நீ போய் அக்கா கடையைக் கூட்டு."

பரீட்சை முடிந்து பார்லருக்குப் போன முதல் வாரம். கடையில் இருப்பதிலேயே பெரிய சாமான், காலால் மிதித்தால் உயர்கிற சாய்வு நாற்காலி. அதில் பேங்க் மேனேஜர் மனைவி முகமெல்லாம் வெள்ளை க்ரீமுடன் கண்ணை மூடிக் கிடந்தார். பூகம்பம் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியின் முதுகு கொஞ்சம் சந்தேகமாகத் தெரிந்தது. தேய்ந்துபோன ஆணி ஒன்றின் தயவில் நின்ற முதுகு, ஒரே ஆட்டில் மல்லாந்துவிட்டது. அம்மையாரின் கால் இரண்டும் ஷாம்பு அலமாரியைப் பார்த்து எழுந்தன.

"ஐயோ, பூகம்பமா?" என்று அலறினார்.

"ஆமா மேடம்" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அதேதான்."

அன்று சாயங்காலமே அக்கா அம்மாவிடம் வந்து நின்றாள். "இவளை எங்கயாவது படிக்க அனுப்பிடும்மா. பாலிடெக்னிக்கோ என்னவோ. ஃபீஸை நானே கட்டறேன்."

"உதவிக்கு ஆள் வேணும்னியே?"

"உதவி வேணும்னுதான் கேட்டேன். உபத்திரவத்தையா கேட்டேன்?"

தங்கை நன்றாக வர வேண்டுமென்று படிக்க வைத்த அக்காக்கள் ஊரெல்லாம் உண்டு. நாற்காலி நன்றாக இருக்க வேண்டுமென்று படிக்க வைத்தவள் இவள் ஒருத்திதான்.

பாலிடெக்னிக் முடிந்தது. சில வருஷம் பம்பு கம்பெனியில் இருந்தாள். பிறகு அந்த நரைத்த தலை அம்மாள் சொன்ன ஹாலிலேயே ஒப்பந்த வேலை கிடைத்தது. அதற்குள் அந்த அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு இரும்பு மேசை. மேலே போகப்போகிற கருவியை அதில் முடுக்கி, ஆட்டத்தை அளக்கிற, சட்டைப் பித்தான் அளவு உணரிகளை அங்கங்கே ஒட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, பொத்தானை அழுத்தி மேசையை ஆட்ட வேண்டும். கருவியைச் செய்தவர், குழந்தையைப் பள்ளியில் முதல் நாள் விட வந்த தகப்பன் மாதிரி பக்கத்தில் நிற்பார். "கொஞ்சம் பாத்து மேடம்..." என்பார். ஏதாவது கழன்றால் போச்சு. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே!"

"ஆட்டிப் பாத்தேன் சார்" என்பாள். பதில் மாறவில்லை. இங்கே அதற்குச் சம்பளம் உண்டு.

செய்தி பள்ளிக்கு எட்டியது. உடனே வாசலில் ஒரு பேனர் முளைத்தது: "எங்கள் ரோபோ குழு விண்வெளிக்குத் தந்த நட்சத்திரம்." பழைய போட்டோவில் அவள் முகம் பாதிதான் விழுந்திருந்தது. மீதி கேப்டனின் முழங்கை. அறிவியல் சார், இப்போது தலைமையாசிரியர், போனில் கூப்பிட்டார். "உன்னைக் கண்டுபிடிச்சதே நான்தான்மா. அன்னிக்கு அந்தப் பெட்டியை உன் கையில குடுத்தப்பவே தெரியும்."

"சரிங்க சார்" என்றாள். வேறென்ன சொல்வாள்?

பள்ளியில் அவளுக்கு வைத்த பாராட்டு விழாவில் கேப்டனும் இருந்தான். அடுக்குமாடி வீடு விற்கிறான். ரோபோ எப்படிக் குழந்தைகளை விண்வெளிக்குக் கொண்டுபோகும் என்று நெடுநேரம் பேசினான். அடுத்து அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் மேடை ஏறி, பேச்சு மேசையை ஒரு ஆட்டு ஆட்டினாள். மைக் கழன்று கீழே விழுந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. பிள்ளைகளை அதற்குத்தானே உட்கார வைத்திருந்தார்கள்.

இப்போது அவள் அதே ஹாலில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். அவள் ஆட்டி அனுப்பிய கேமரா ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. எதுவும் கழன்றதாக இதுவரை தகவல் இல்லை. அக்கா கடையில் புது நாற்காலி வாங்கியாயிற்று. தங்கைக்கு முடி வெட்ட அக்கா வீட்டுக்கே வந்துவிடுகிறாள். கடைக்குள் மட்டும் இன்னும் விடுவதில்லை.