இடக்கை முடிச்சு

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். முனி அடித்தது, மோகினி வழிமறித்தது என்று எவனாவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருடா" என்று விரட்டுகிற ஆள் நான். என் நிலமே சுடுகாட்டை ஒட்டித்தான், ஒருநாளும் ஒன்றும் என்னைக் கூப்பிட்டதில்லை. இது மட்டும் நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். பண்டசோழநல்லூரில் எனக்கு இரண்டு எருதுகள், செவலையும் மயிலையும். கூடவே என் மனைவி பொன்னி தாய்வீட்டுச் சீதனமாக ஓட்டி வந்த பசு, அப்போது நிறைசினை. பொன்னி விஷக்காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாடுகளைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவள்தான். இடக்கைக்காரி. அவள் போடும் முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும், எனக்கு லேசில் அவிழாது, அதற்கே தினமும் ஒரு சண்டை. எனக்கு முன்கோபம் அதிகம், மறைப்பானேன்.

அந்தச் சித்திரையில் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில், மாடுகளுக்கு வெக்கை நோய். சீக்கு மாட்டைத் தனியே கட்டச் சொல்லி மேரியிலிருந்து, அதுதான் பிரெஞ்சுக்காரர் ஊராட்சிக் கச்சேரி, தமுக்கடித்தார்கள். ஒரு மாட்டுக்கு வந்தால் கொட்டகையே காலியாகிவிடும். எனக்குப் பயம்தான். மூன்றும் போனால் ஆடியில் ஏர் பூட்ட வழியில்லை, பொன்னியின் பசுவும் மிஞ்சாது. அதனால் தினமும் மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். நல்ல மாட்டுக்கு மூக்கில் பனித்துளி மாதிரி வியர்வை நிற்கும், சீக்கு மாட்டுக்குக் காய்ந்துவிடும்.

அன்றைக்கு ஏரியில் குளிப்பாட்டி ஓட்டி வந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். ஈரம். நிம்மதியாகக் கொட்டகையில் கட்டிவிட்டுக் கூழ் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் செவலையைக் காணோம். தூரத்தில், களத்து வேப்பமரத்தில் தனியாகக் கட்டியிருந்தது. அடுத்த கொல்லைக்காரன் கோவிந்தன் வேலைதான் இது என்று சண்டைக்குப் போனேன்.

"இன்னாப்பா, எம்மாட்ட அவுத்து வெளையாடுறியா?"

"நான் எதுக்குப்பா ஒன் மாட்டத் தொடப்போறேன்? காலையிலேருந்து கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு கெடக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்க்கப் போனேன். அவிழவில்லை. எதிர்ப்பக்கச் சுற்று. நம்பினால் நம்புங்கள், உச்சி வெயிலில் பொன்னியின் முடிச்சு. அவள் குரல் கேட்டது என்றெல்லாம் அளக்க மாட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. எப்போதோ அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. "குளிப்பாட்டின மாட்டுல ஈரத்தப் பாத்து ஏமாறாதய்யா. தொடச்சிட்டு நில்லு. திரும்ப வேர்த்தாதான் நல்ல மாடு."

அவள் முந்தானையால் துடைப்பாள். நான் துண்டால் துடைத்துவிட்டு நின்றேன். நெடுநேரம் நின்றேன். ஒரு துளி இல்லை. காதடி கொதித்தது, கண்ணில் நீர் வழிந்தது, மாடு அசை போடவே இல்லை. கொட்டகையில் நான் தொட்டதெல்லாம் ஏரித் தண்ணீர்.

செவலையை அங்கேயே விட்டேன். அதைத் தொட்ட கையோடு மற்ற இரண்டின் பக்கம் போகக் கூடாதல்லவா, நான் திட்டிய அதே கோவிந்தன் அவற்றைப் பார்த்துக்கொண்டான். செவலைக்கு வாயெல்லாம் புண். மூங்கில் குழாயில் கஞ்சி வார்த்தேன், வழித்துத் துடைத்தேன். பிழைக்காது என்று ஊரே சொன்னது. ஒரு மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "பொன்னி, உன் முடிச்சுக்கு இனி சண்டை போடமாட்டேன்" என்று சொல்லி அழுதேன். வெட்கமில்லை எனக்கு.

வாய்ப்புண் ஆறி, மாடு தானாகப் புல் கடிக்கத் தொடங்கியது. பிறகு ஒருநாள் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மரத்தடி காலி. பதறி ஓடினேன். கொட்டகையில், மயிலைக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதே முடிச்சு. கோவிந்தன் அன்று ஊரிலேயே இல்லை, நெட்டப்பாக்கம் போயிருந்தான்.

மற்ற இரண்டுக்கும் நோய் வரவில்லை. அந்த வாரமே பசு கன்று போட்டது, ஆடியில் ஏரும் பூட்டினேன். முடிச்சுக்குக்கூட யாராவது ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் அன்று கொட்டகையில் செவலையின் கிட்டே போனபோது அதன் மூக்கில் ஈரமே இல்லை. மறுபடியும் சீக்கா என்று குனிந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று, இரண்டு, மூன்று என்று வியர்வை அரும்பியது.

யாரோ அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.