மாட்டுக்குப் போன சத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில், ஒரு பதாகை இன்னும் தொங்குகிறது. ஆரோக்கியமான குடும்பத்தின் உணவுத்தட்டு என்று மேலே எழுதியிருக்கிறது. தட்டில் இளஞ்சிவப்பான ஒரு மீன் துண்டு, பாதாம், நீல நிறத்தில் ஏதோ ஒரு பழம், பக்கத்தில் ஒலிவ் எண்ணெய்ப் போத்தல். பொகவந்தலாவைக் கடைத்தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தாலும் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. அங்கே கிடைக்கும் பயறு, கௌபி, நெத்தலிக் கருவாடு, முட்டை, கீரைக்கட்டு எதற்கும் அந்தத் தட்டில் இடமில்லை.

அதைக் கொண்டுவந்து மாட்டியவர் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளைஞர். அவர் சிங்களத்தில் பேச, தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் தமிழில் சொன்னார். வானவில்லின் எல்லா நிறமும் தட்டில் இருக்க வேண்டுமாம். பெண்கள் மழையில் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். முடிவில் ஆளுக்கொரு கிரீம் பிஸ்கட் பக்கெட்டும் சீனி போட்ட பால் பக்கெட்டும் கொடுத்தார்கள். சத்துணவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிவிட்டுச் சீனியைக் கையில் திணித்து அனுப்பிய அந்தத் துணிச்சலை நான் இன்றைக்கும் வியக்கிறேன். நிறத்தில் குறையில்லை. கிரீம் நல்ல ரோஸ் நிறம்.

அந்தக் கூட்டத்தில் என் அண்ணியும் இருந்தார். அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிறவர்.

நான் ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறேன். அதற்காகவே படித்தவள். லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், அம்மா, அண்ணன், அண்ணி, இன்னும் பள்ளிக்கூடம் போகாத அண்ணன் மகள், நான். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டில், அதற்கும் பின்னால் நாலைந்து மரக்கறிப் பாத்திகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எங்களுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கைச் சொல்கிறேன். பீட்ரூட், முள்ளங்கி, கரட், லீக்ஸ் எல்லாம் லொறியில் ஏறும். அவற்றின் இலை மாட்டுக்கு. மாட்டின் பால் விடிந்ததும் சேகரிப்பு நிலையத்துக்கு. கோழி முட்டை கடைக்கு, அல்லது அடைக்கு. எங்களுக்குக் காலையில் கோதுமை மா ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும். மலையில் பகல் சாப்பாட்டுக்கும் அதே ரொட்டி, ஆறிப்போய். இரவில் சோறு, தண்ணீராகப் பருப்பு, உருளைக்கிழங்கு. யாராவது விருந்தாளி வந்தால் அலுமாரியிலிருந்து கடைப் பால்மா பக்கெட் வெளியே வரும். சொந்த மாட்டின் பாலை விற்றுவிட்டு யாரோ ஒருவருடைய மாட்டின் பாலைத் தூளாக வாங்கி வைத்திருப்பது எங்கள் லயத்தில் மரியாதையான வீட்டுக்கு அடையாளம். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் குடும்பத்தில் பச்சை இலைகளை நாள்தோறும் சாப்பிட்டுவந்தது மாடு மட்டும்தான். அதற்கு இரத்தசோகையும் இல்லை.

அண்ணிக்கு இருந்தது. முதல் பிரசவத்தில் அவருக்கு இரத்தம் நிற்காமல் போனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்க முடியாமல் ஆம்புலன்ஸில் ஏற்றி, வளைவு வளைவாக மலைப்பாதையில் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்து வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இந்த முறை கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றதும், அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் நாள் நெருங்குவதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம், கொஞ்ச இரத்தம் போனாலும் உங்களுக்குத் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அண்ணி வாயைத் திறந்தார்.

“அந்த வண்டியில இன்னொரு தடவ நான் ஏற மாட்டேன் புள்ள. ஏறுனா திரும்ப மாட்டேன்.”

நான் அவருடைய இரத்தத்தை ஹட்டனுக்குக் கொண்டுபோய் நானே பரிசோதித்தேன். ஹீமோகுளோபின் எண் எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரத்தின் மீது சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு வீட்டில் எல்லாரும் வைத்தியர்களானார்கள். அம்மாவின் கொள்கை, சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகும் என்பது. லொறிக்குப் போக வேண்டிய பீட்ரூட்டில் சொத்தையானவற்றைத் தனியே எடுத்து, சாறு பிழிந்து, சீனி போட்டுக் கொடுத்தார். கொச்சிக்காயும்தான் சிவப்பு, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். படிச்ச வாய்க்கு நக்கல் அதிகம் என்றார். அண்ணன் கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, டின்னில் அடைத்த சத்துப்பானம் ஒன்றை வாங்கி வந்தார். டின்னின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தசையைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் வாசித்துக் காட்டினேன். முதலாவது சீனி, அடுத்தது கோதுமை மா. ரொட்டியைத்தான் டின்னில் அடைத்து விற்கிறார்கள் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்தது.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கென்று கொடுக்கும் சத்துமாவின் கதை இன்னும் அழகு. அம்மா அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பார். அண்ணன் மகளுக்கு, அண்ணனுக்கு, பக்கத்துக் காம்பராவுக்கு, அந்த நேரம் யார் வாசலில் நின்றாலும் அவர்களுக்கு. மிஞ்சிய ஒன்று அண்ணிக்கு. ஒருவர் பெயரில் வரும் உணவை அவர் மட்டும் தின்பது எங்கள் பக்கத்தில் பேராசைக்காரியின் இலட்சணம்.

அடுத்த பரிசோதனையில் எண் இன்னும் இறங்கியது.

மிட்வைஃப் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையை எங்கே எறிகிறாய் என்று கேட்டார். அண்ணனும் அதையே கேட்டார், இன்னும் மோசமான வார்த்தைகளில். எறியவில்லை என்று அண்ணி ஒரே ஒரு முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. தோட்டத்துப் பெண் என்றால் குளிசையை எறிபவள் என்று ஒரு முடிவு ஏற்கெனவே இருக்கிறது. அதை மாற்றிக்கொள்வது யாருக்குமே வசதியில்லை.

நான் வேலை நாட்களில் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள். அந்த வாரம் ஒரு நாள் லீவு கிடைத்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், நின்றபடியே ரொட்டியை முடித்து, குளிசையைப் பிரித்து வாயில் போட்டு, ஒரு கோப்பை தேத்தண்ணியால் அதை இறக்கினார். கறுப்பான, கசக்கக் கசக்கக் கொதித்த தேத்தண்ணி.

எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பாலோடு போடக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அதனால்தான் பால் கலக்காமல் குடிக்கிறாராம். அதில் அவர் கவனமாக இருந்ததைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

தேயிலையின் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. நான் படித்த பாடத்தின் முதல் பக்கங்களில் உள்ள விஷயம் இது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில், அதைப் பறிக்கும் பெண்ணிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. வானவில்லைப் பற்றிச் சொன்னார்கள். பாலைப் பற்றிச் சொன்னார்கள். எங்கள் லயங்களில் காய்ச்சல் குளிசையும் வயிற்றுவலிக் குளிசையும் தேத்தண்ணியோடுதான் இறங்குகின்றன என்பது அங்கே வந்துபோகும் எவருக்கும் தெரியாது. விடியற்காலையில் பச்சைத்தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். பிள்ளைத்தாச்சிக்கு அது ஆகவே ஆகாது என்பது அம்மாவின் சட்டம். வெறும் சுடுதண்ணீருக்கு வழியே இல்லை. எங்கள் வீட்டுக் கேத்தலில் தோட்டம் கொடுக்கும் தேயிலைத் தூள் எந்நேரமும் கிடக்கும்.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் என் ஒழுங்கைச் சொன்னேன். குளிசை இரவுச் சோற்றுக்குப் பிறகு, சுடுதண்ணீரோடு. தேத்தண்ணி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நன்றாகத் தள்ளி. சோற்றில் தேசிக்காய்ப்புளி, எலுமிச்சைப் புளிப்பு இரும்பை உடம்புக்குள் இழுக்கும். வாரத்தில் சில நாள் முட்டை, கருவாடு. சத்துமா பங்கு கிடையாது. பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் இனி அடுப்படிக்கு.

தேசிக்காய் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி கட்டும் என்றார் அம்மா. முட்டை சூடு, ஆகாது என்றார். இலையைப் பற்றிக் கேட்டபோதுதான் உண்மையாகவே அவருக்கு முகம் சிவந்தது.

“மாட்டுக்குப் போடுறத மருமகளுக்குப் போடுறேன்னு லயமே சிரிக்கும். நான் என்ன அப்பிடிப்பட்ட மாமியாரா?”

அண்ணன், மாட்டுக்குப் புல் அறுக்க யார் போவது என்று கேட்டார். அவருடைய கவலை மாடு என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அண்ணி எழுந்துபோய்க் கேத்தலைத் தூக்கினார். வெளியே வாசலில் தேயிலைச் சக்கையைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்தார். உள்ளே படிந்திருந்த கறுப்பு இலேசில் விடவில்லை. சுத்தமான தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

“தேத்தண்ணிய நான் விடல அத்தை. தள்ளித்தான் வைக்கப் போறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அந்த வண்டியில அவங்களா போறாங்க?”

அந்த வீட்டில் அண்ணி தன் மாமியாரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ஏதோ முணுமுணுத்துவிட்டு விறகைத் தள்ளி வைத்தார்.

சிரித்தார்கள்தான். பொதுக் குழாய்ப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பராக்காரி, “என்னாடி, ஒனக்கும் மாட்டுக்கும் ஒரே சாப்பாடாமே?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாளாம். “மாடு நல்லாத்தானே இருக்கு அக்கா” என்று அண்ணி சொல்லிவிட்டு வந்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் அதன் ருசி ஒன்றும் மட்டமில்லை. சிரித்தவளும் பிறகு ஒரு கோப்பையில் வாங்கிப் போனாள். தன் மாட்டுக்கு என்று சொல்லியிருப்பாள்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னால் மறுபடி இரத்தம் எடுத்துப் போனேன். எண் ஏறியிருந்தது. பழக்கதோஷத்தில் இன்னொரு முறை ஓட்டினேன். ஏறித்தான் இருந்தது. கிளினிக்கிலும் பார்த்துவிட்டு, இந்தப் போக்கில் போனால் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை, பக்கத்திலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று டொக்டர் சொன்னார். குளிசையை ஒழுங்காகப் போடத் தொடங்கிவிட்டாய் போல என்று மிட்வைஃப் அண்ணியின் தோளில் தட்டினாராம்.

வீட்டில் வெற்றிக்கு உரிமை கோரியவர்கள் இரண்டு பேர். அண்ணன் இன்னொரு டின் வாங்கிவந்து மேசையில் வைத்தார், மூடியை எல்லாரும் பார்க்கத் திறந்தார். அம்மா வெளியே நின்று, பீட்ரூட் எப்படி வேலை செய்தது என்று பக்கத்துக் காம்பராவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டும் ஏன் காரணமாக இருக்க முடியாது என்பதை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கேட்கத்தான் ஆளில்லை.

அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார்.

“அப்ப அந்த வண்டியில ஏத்த மாட்டாங்கதானே?”

“இரத்தம் இப்படியே இருந்தா ஏத்த மாட்டாங்க அண்ணி.”

“இருக்கும்” என்றார்.

பிறகு குனிய முடியாமல் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். அப்படி ஒரு பை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உள்ளே மகளுடைய துணிகள். தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், மஸ்கெலியாவில் இருக்கும் தன் அம்மாவிடம் பிள்ளையை அனுப்புவதற்காக மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். அடியில் ஒரு புதுக் கவுன் இருந்தது. அது அந்தப் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

இது பெரிதாக இருக்கிறதே என்றேன்.

“அடுத்த வருசத்துக்கு” என்றார்.

வெளியே அம்மா இப்போது அளவு சொல்லிக்கொண்டிருந்தார், எத்தனை பீட்ரூட், எவ்வளவு சீனி என்று. அண்ணி அந்தக் கவுனை உதறி மறுபடி மடித்து, தனக்கு எட்டாது என்று என்னிடம் நீட்டினார். அலுமாரியின் மேல் தட்டில் வைக்கச் சொன்னார். அடுத்த வருஷம் தானே எடுத்துப் போட்டு விடுவாராம்.