புளி சேர்க்காத கிழங்குக் குழம்பு

எங்கள் வீட்டுப் பொங்கலில் கிழங்குக் குழம்பு ஒரே ஒரு தடவைதான் வைத்தோம். நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழம்பைக் கெடுத்தது யார் என்று கேட்டால், எங்கள் உறவில் இன்றுவரை எல்லோரும் சித்தியைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஒருவரும் கெடுக்கவில்லை. ஆளாளுக்கு நல்லது செய்யப் போய்த்தான் அது கெட்டது.

சித்தி அப்பாவின் தம்பி மனைவி. அவிநாசிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டை ஒட்டி அப்பா ஒரு தகர ஷெட் போட்டு, சில தையல் மிஷின்கள் வைத்து, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஷெட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்ட வந்தவள் அவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்போது நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சித்தப்பா அவளைக் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குக் குடிபோன பிறகு, அவள் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அதனால் இனி என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்ற சிக்கலும் எனக்கு வராமல் இருந்தது.

பேச்சை எடுக்காததற்குக் காரணம் அத்தை, அப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பிகள் இருவரையும் தூக்கி வளர்த்தவர். பொங்கலூரில் தோட்டம் துரவோடு இருந்தார். எங்கள் வீட்டில் மிஷின் வாங்குவதென்றாலும் மருமகள் எடுப்பதென்றாலும் அவர் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அப்பா தலையை ஆட்டுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் தன்னைக் கேட்காமல் நடந்த கல்யாணத்தை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பாவுக்கோ தம்பி இல்லாமல் ஓடவில்லை. மிஷின் ரிப்பேரானால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற ஆள் சித்தப்பா. அதைவிட, சாயங்காலம் கூட உட்கார்ந்து டீ குடிக்க அப்பாவுக்கு வேறு துணை இல்லை. இதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மாதான் அந்த வருடம் திட்டம் போட்டாள். பொங்கலுக்கு அத்தையையும் கூப்பிடுவது, சித்தப்பாவையும் சித்தியையும் கூப்பிடுவது, சித்தியைச் சமைக்க வைப்பது. அத்தை அவள் கையால் ஒருவாய் சாப்பிட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். சாப்பிட்ட வீட்டில் பகை பாராட்டுகிற ஆள் இல்லை அத்தை. அது உண்மைதான்.

தெற்கத்திக்காரர்கள் பொங்கலுக்கு விதவிதமான கிழங்கு போட்டுக் குழம்பு வைப்பார்கள் என்று அப்பா எங்கோ விசாரித்திருக்கிறார். சந்தைக்குப் போய் ஒரு பை நிறையக் கிழங்கோடு வந்தார். சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சக்கரவள்ளி, அதோடு பிடிகருணை. "கருணையத் தேடிப் புடிச்சேன். பாரு, மண்ணு கூடக் காயல" என்று அம்மாவிடம் காட்டினார். முகம் பூரித்துக் கிடந்தது. பறித்த கருணையை மாதக்கணக்கில் காயப் போட்டால்தான் அதன் காறல் அடங்கும், பச்சைக் கருணை தொண்டையைப் பிடுங்கிவிடும் என்பதெல்லாம் கொங்கு நாட்டில் அவரையும் பூசணியும் தின்று வளர்ந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? தக்காளி வாங்குவதுபோலப் புதுசாகப் பார்த்துப் பொறுக்கி வந்திருக்கிறார்.

பொங்கலன்று விடிந்ததும் அவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஷெட்டில் மிஷின்கள் உறைபோட்டுக் கிடந்தன, ஆட்களெல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். சித்தி பழக்கத்தில் ஷெட் பக்கம் திரும்பிவிட்டு, பிறகு சுதாரித்து வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். சிறுகிழங்கைக் கோணிச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் தோல் தானாக உரியும் என்று சித்தி சொல்ல, நான் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டாயிலிருந்து புண்ணாக்குச் சாக்கை வாங்கி வந்தேன். அதைத் தேய்ப்பதும் சிரிப்பதுமாக எனக்குப் பொழுது போனது. சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். அவள் சட்டென்று திரும்பி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவள் புளியைக் கரைக்க எடுத்தபோதுதான் அம்மா தடுத்தாள். அத்தைக்கு அப்போது முழங்கால் வலி. நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வைத்தியர் புளிப்பே நாக்கில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"புளி வேண்டாம் அம்மிணி. அவங்க பத்தியத்துல இருக்கறாங்க."

"புளி இல்லாம கருணைய வச்சா காறும்க்கா. இது வேற பச்சைக் கெழங்கு. மோராவது இருக்கா?"

"மோரும் புளிப்புத்தானே. ஆகாதுங்கறாங்க."

"அப்ப கருணைய மட்டும் விட்டுருவோமா?"

"அவரு ஆசையாத் தேடி வாங்கியாந்தது. விட்டுப்போட்டா மொகம் சுண்டிப் போயிருவாரு."

சித்தி, அத்தைக்கு மட்டும் தனியாக ஒரு சட்டி வைத்துவிடலாமா என்று கேட்டாள். அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. "தனிச் சட்டின்னா எல்லாமே கெட்டுப் போயிரும் கண்ணு. ஒரே சட்டியில உங்கூட உக்காந்து அவங்க சாப்பிடோணும். அதுக்குத்தான் இத்தனையும்" என்றாள்.

வந்த முதல் நாளே மூத்தவள் பேச்சைத் தட்டுவதா? சித்தி சரி என்றாள். அரிசி கழுவிய தண்ணீரில் கருணையை மறுபடி மறுபடி அலசினாள். வேகவைத்து வடித்து, திரும்பவும் வேகவைத்தாள். கையெல்லாம் சிவந்து தடித்திருந்தது. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உப்புக்கூடப் பார்க்க முடியாது. அதனால் அந்தக் குழம்பு எப்படி வந்திருக்கிறது என்று தெரியாமலேயே இலைக்கு வந்தது.

படையல் நேரத்துக்கு வந்து சேர்ந்த அத்தை முதல் வாய் சாப்பிட்டார். சித்தி பரிமாறிய கையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவும் பார்த்தார். இரண்டாம் வாய்க்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் அத்தை தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி செருமினார். அதற்குள் எனக்கும் நாக்கில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"என்ன தம்பி இது, தொண்டையப் புடுங்குது" என்றார் அத்தை. இலையைத் தள்ளிவிட்டுச் சித்தியைப் பார்க்காமல் சொன்னார்: "மிஷின் ஓட்டற கை மிஷினே ஓட்டட்டும். சோத்துச் சட்டிகிட்ட ஏன் உட்டீங்க?"

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். அதற்குள் சித்தி முந்திக்கொண்டு, "நான்தான் சரியா அலசாம விட்டுட்டேன். மன்னிச்சிக்கிடுங்க" என்றாள். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா தன் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு, "போலாம், கெளம்பு" என்றார் சித்தியிடம். அப்பா வாசல் வரை பின்னாலேயே போனார். இருடா என்று சொல்லலாமா என்று அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

பிறகு அவர்கள் வரவேயில்லை. அத்தை செத்ததற்கு வந்து, பந்தலில் வெளியூர் ஆட்களோடு உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அப்பா ஷெட்டைக் கைமாற்றிவிட்டு இப்போது தனியாகத்தான் டீ குடிக்கிறார். 'நான்தான் புளி வேண்டாம்னு சொன்னேன்' என்று அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அம்மாமேல் கோபமே இல்லை என்றால் பொய். ஆனால் அத்தனை வருடம் அந்த வீட்டில் குடித்தனம் செய்தும், அத்தை முன்னால் அவளும் பயந்த மருமகள்தான். சித்தி அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டபோது அம்மாவால் இறக்கி வைக்க முடியவில்லை.

அந்தப் பொங்கலன்று சாயங்காலம் அத்தையையும் பஸ் ஏற்றி அனுப்பிய பிறகு நான் சமையலறைக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து, கிழங்குச் சட்டியை மடியருகே வைத்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது. தொண்டையைத் தடவி விட்டுக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தாள்.

"அரிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. நல்லாத்தான் இருக்குது."

நான் ஓடிப்போய் அப்பாவிடம், அம்மாவுக்கு அந்தக் குழம்பு ரொம்பப் பிடித்துவிட்டது, சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.